கோர்வைக்கு இரண்டு பேர்

காஞ்சிப் பட்டில் கோர்வைச் சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரையைத் தனியாக நெய்து பிறகு ஒட்டுவதில்லை. தறியிலேயே உடலின் ஊடையும் கரையின் ஊடையும் எதிரெதிரே வந்து, சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு திரும்புகின்றன. சேலையைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தால் அந்த இடத்தில் வாள்பல் போல ஒரு நுண்ணிய வரி ஓடும். புறப்பக்கத்தைத் திருப்பினாலும் அதே வரி இருக்கும். இதற்கு ஊடை நூலை ஓட்டும் நாடா மூன்று வேண்டும்: உடலுக்கு ஒன்று, இருபுறக் கரைக்கும் ஒவ்வொன்று. குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரே மூன்றையும் எட்டிப் பிடித்து வேகமாக நெய்ய முடியாது. ஆகவே தறியின் மறுபக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, தம் பக்கத்துக் கரை நாடாவை வாங்கி, ஊடையைக் கோத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு சேலை முடிவதற்குள் இப்படி ஆயிரக்கணக்கான முறை. அந்த மறுபக்கத்து இடத்தில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தது குழந்தை. குழந்தை பள்ளிக்குப் போன பிறகு பல வீடுகளில் அங்கே மனைவி வந்து உட்கார்ந்தாள். முகூர்த்தத்துக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் நாம் தேடித் தேடி எடுக்கும் புடவை இப்படித்தான் தறியிலிருந்து இறங்குகிறது.

வாலாஜாபாத்துக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் இடையில் இருக்கிறது தென்னேரி. தொண்டைமான் இளந்திரையன் பெயரால் திரையனேரி என்றிருந்தது மருவித் தென்னேரி ஆயிற்று என்பார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று இங்கேதான். ஒரு பக்கம் பட்டு நகரமான காஞ்சி, மறுபக்கம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகள். நடுவே நின்று பார்த்தால் ஒரு குடும்பம் தன் நாளை எத்தனை விதமாகப் பங்கிட்டுக்கொள்ள முடியும் என்பது தெரிகிறது. தறி வீட்டில் கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் ஒரே பொருளைச் செய்கிறார்கள். ஷிப்ட் வீட்டில் ஒருவர் வந்து செருப்பைக் கழற்றும்போது மற்றவர் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்புகிறார். மூன்றாவது வகை வீடு சென்னையின் விளிம்பிலிருந்து இந்தப் பக்கமாக மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது: ஓரளவு நல்ல சம்பளம், ஒன்றோ இரண்டோ பிள்ளைகள், பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பது என்ற தீர்மானம். ஹோம் ஸ்கூலிங் என்று அவர்களும், வீட்டுக்கல்வி என்று பத்திரிகைகளும் சொல்கின்றன. பள்ளி வேனும் வீட்டுப்பாடமும் தொலைந்ததில் பிள்ளை மலர்ந்தது என்பதோடு, எங்கள் தாம்பத்தியமும் நெருக்கமானது என்பதையும் இந்தத் தம்பதிகள் சேர்த்தே சொல்வது வழக்கம். மண நாள் கொண்டாட்டத்தையும் வீட்டு வகுப்பறையையும் ஒரே படத்தில் காட்டும் மகிழ்ச்சி அது.

அந்த மகிழ்ச்சியைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் இல்லை. ஆனால் வீட்டுக்கல்வி பற்றி இங்கே நடக்கிற பேச்சு முழுவதும் பாடத்திட்டம், மனப்பாடம், தேர்வு என்று பிள்ளையைச் சுற்றியே நிற்கிறது. தறியின் மறுபக்கத்தில் யார் உட்காருவது என்ற கேள்வியை யாரும் எழுப்புவதில்லை. வீட்டையே பள்ளியாக்குவது முதலில் உழைப்பைப் பங்கிடும் முடிவு. கல்வி பற்றிய முடிவு அதற்குப் பிறகுதான் வருகிறது. அந்தப் பங்கீடு நேர்மையாக இருக்கிறதா என்று பார்க்காமல் வீட்டுக்கல்வியைப் புகழ்வதும் பழிப்பதும் ஒன்றுதான். தமிழ்நாட்டில் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீடே பள்ளி என்ற யோசனையை இந்த மாநிலம் ஏற்கெனவே ஒருமுறை சந்தித்திருக்கிறது. அதன் பெயரில் ஓர் ஆட்சியே ஆட்டம் கண்டது.

1953-இல் முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் எளிமையானது. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் நாளுக்கு ஒரு வேளை, மூன்று மணி நேரம் மட்டும் வகுப்பில் இருப்பார்கள். மறு வேளையில் வேறு ஒரு தொகுதிப் பிள்ளைகள் அதே ஆசிரியர்களிடம் படிப்பார்கள். பள்ளியில் இல்லாத நேரத்தில் பிள்ளை வீட்டில் பெற்றோரின் தொழிலைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். அரசிடம் பணம் குறைவு, படிக்க வேண்டிய பிள்ளைகள் அதிகம் என்ற நெருக்கடியில் பிறந்த திட்டம் அது. கணக்காகப் பார்த்தால் புத்திசாலித்தனமானதும்கூட. ஆனால் குயவர் பிள்ளை சக்கரத்தடியிலும் நெசவாளி பிள்ளை தறிக்குழியிலும் பாதி நாளைக் கழிக்கும்போது, தொழிலே இல்லாமல் ஏட்டையே தொழிலாகக் கொண்ட வீட்டுப் பிள்ளை அந்தப் பாதி நாளில் என்ன கற்கும் என்று கேட்டார்கள். பெரியார் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தி.மு.க. அந்த ஆண்டு ஜூலையில் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இந்தத் திட்டத்துக்கு எதிரானது. அண்ணா காஞ்சிபுரத்துக்காரர், நெசவை மரபாகக் கொண்ட சமூகத்தில் பிறந்தவர். அதே 1953-இன் தொடக்கத்தில் நெசவாளிகளின் பட்டினி தீர அவரும் தோழர்களும் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுத் தெருத்தெருவாக விற்றார்கள். தறியை மதித்தவர்கள்தான் தறியடியைப் பள்ளிக்கூடம் என்று சொல்லாதே என்றார்கள். 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார்; மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

குலக்கல்வியோடு இன்றைய வீட்டுக்கல்வியை ஒப்பிடுவது அநியாயம் என்று சொல்லலாம். ராஜாஜி திட்டத்தில் பெற்றோருக்குத் தேர்வு இல்லை. இன்றைய தம்பதி விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே பிள்ளை தந்தையின் தொழிலுக்குள் அடைபட்டது. இங்கே பிள்ளை எந்தத் துறைக்கு வேண்டுமானாலும் பறக்கட்டும் என்றுதான் கூண்டைத் திறக்கிறார்கள். இரண்டும் உண்மை. ஆனால் ஒப்பீட்டின் கூர் வேறு இடத்தில் இருக்கிறது. வீடு என்பது எல்லோருக்கும் ஒரே அளவான இடம் அல்ல என்பதே 1953-இன் பாடம். பள்ளியில் கழியும் மூன்று மணி நேரம் எல்லாப் பிள்ளைக்கும் ஏறக்குறைய ஒன்று. வீட்டில் கழியும் மூன்று மணி நேரம் வீட்டுக்கு வீடு வேறு. கல்வியை வீட்டுக்குள் எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு அந்த வேறுபாடு பிள்ளையின் தலையில் எழுதப்படுகிறது. இன்னும் பின்னால் போனாலும் இதே கதைதான். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கிய கல்விக் கணக்கெடுப்பில், சென்னை நகரில் மட்டும் 26,963 பிள்ளைகள் வீட்டில் பாடம் கேட்கிறார்கள் என்று கலெக்டர் எழுதி அனுப்பினார். பள்ளிக்குப் போனவர்களைப் போல ஐந்து மடங்கு. எண்ணில் ஏதோ தவறு இருக்கலாம் என்று மன்றோவுக்கே 1826 குறிப்பில் ஐயம். எண் சரியோ தவறோ, வீட்டில் கற்பது நமக்குப் புதிது அல்ல. யாருடைய வீட்டில் கற்றார்கள் என்பதைத்தான் திண்ணைப் பள்ளியின் புகழ் பாடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

காஞ்சியின் தறி வீடுகளில் வீடும் வேலையும் கல்வியும் ஒன்றாகக் குழைந்தபோது என்ன ஆயிற்று என்பதற்கு ஆவணம் இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தபோது நெசவையும் தடை செய்யப்பட்ட வேலைகளின் பட்டியலில் சேர்த்தது. அதே கையோடு, குடும்பத்தாரை வைத்துக்கொண்டு வீட்டில் நடத்தும் பட்டறைக்கு விலக்கும் கொடுத்தது. பட்டு நெசவு பெரும்பாலும் வீட்டுத் தொழில். ஆகவே தடை வாசல்படியோடு நின்றது. தறி உரிமையாளரிடம் பெற்றோர் முன்பணம் வாங்க, அதைக் கழிப்பதற்காகப் பிள்ளை பிறர் வீட்டுத் தறியில் உட்கார்ந்த நிலையை 2003 ஜனவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு பதிவு செய்தது. அந்த அறிக்கையில் காஞ்சிபுரத்துக்குத் தனி இடம் உண்டு. அரசின் சிறப்புப் பள்ளிகளும், சோதனைகளும், சத்துணவும், தங்கள் பிள்ளை தறிக்குழியில் இறங்க வேண்டாம் என்ற பெற்றோரின் பிடிவாதமும் சேர்ந்துதான் அந்தப் பிள்ளைகளை வெளியே கொண்டுவந்தன. 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது. குடும்பத்துக்குக் கைகொடுப்பதென்றால் பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ மட்டும். இங்கே ஒரு வேடிக்கை. பள்ளிக்கே போகாத பிள்ளைக்குப் பள்ளி நேரம் எது? ஒரு பிள்ளை எப்போது வேலை செய்யக் கூடாது என்பதைச் சட்டம் பள்ளி மணியை வைத்துத்தான் அளக்கிறது. மணி இல்லாத வீட்டில் அந்த அளவுகோல் தானாகவே காணாமல் போகிறது. நகரத்துத் தம்பதிக்கு இது நுணுக்க விவாதமாகத் தோன்றலாம். தறி வைத்திருக்கும் வீட்டில் இது வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை.

சட்டத்தின் மற்ற பக்கமும் மங்கலாகவே இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10-ஆம் பிரிவில் சொல்கிறது. சேர்க்காவிட்டால் பெற்றோருக்குத் தண்டனை என்ன என்று எங்கும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் வீட்டுக்கல்விக் குடும்பங்கள் வாழ்கின்றன. ஜெர்மனி போல, வீட்டில் படிக்க வைப்பதையே தடுத்து, பெற்றோர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போயும் 2019-இல் தோற்ற நிலை இங்கே இல்லை. அமெரிக்கா போல எல்லா மாநிலங்களிலும் வெளிப்படையான அனுமதியும் இல்லை. நடைமுறையில் வழி இருக்கிறது: தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது நிறைந்த பிள்ளை தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதலாம், 14 வயதானால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்புக்குச் சமமான தேர்வு எழுதலாம். எனவே சான்றிதழ் கிடைக்காது என்று பயமுறுத்துவது வீண். வீட்டுக்கல்வியை எதிர்ப்பவர்கள் கையில் எடுக்கும் மிகப் பலவீனமான ஆயுதம் அது.

பள்ளியின் மீது அந்தத் தம்பதிகள் வைக்கும் குற்றச்சாட்டில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாலு வயதுப் பிள்ளைக்கு எல்.கே.ஜி.யில் வீட்டுப்பாடம் கொடுத்து, பேனா பிடிக்கத் தெரியாத விரலை வளைக்கிற நர்சரிப் பள்ளிகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. ஃபின்லாந்தில் முறையான பள்ளி ஏழு வயதில் தொடங்குகிறது. அங்கே யாரும் மக்குகளாகிவிடவில்லை. ஆறு வயது வரை பிள்ளை கதை கேட்டும், மண்ணில் விளையாடியும், அடுப்படியில் பருப்பை அளந்து கொட்டியும் கற்றுக்கொள்வது எந்தப் பாடநூலுக்கும் குறைந்தது அல்ல. நம் கல்வி உரிமைச் சட்டமே ஆறிலிருந்துதான் தொடங்குகிறது. வகுப்பறையில் ஈடுகொடுக்க முடியாத குறைபாடு உள்ள பிள்ளைக்கும், பள்ளியில் அவமானப்பட்டு ஒடுங்கிய பிள்ளைக்கும் வீடு மருந்தாகவே இருக்கலாம். என் ஆட்சேபம் வீட்டில் கற்பது கெடுதல் என்பது அல்ல. வீட்டில் கற்பிப்பது இலவசம் என்ற பாவனையில்தான் எனக்குச் சங்கடம்.

கொரோனா காலத்தில் தமிழ்நாட்டின் எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் பள்ளியாக்கப்பட்டன. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. திறந்த பின், கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகிய பொருளியலாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். அதே ஊரில் 2019-இல் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால், 2021 டிசம்பரில் பிள்ளைகள் மிகவும் பின்தங்கி இருந்தார்கள். தமிழில் இருந்த பின்னடைவைப் போலக் கணக்கில் இரண்டு மடங்கு. வசதி குறைந்த வீட்டில் இழப்பு கூடுதல். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் கால் பங்கு அளவுக்கு, அரசின் மாலை வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வி காரணம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். இது உண்மையான வீட்டுக்கல்வி அல்ல, நெருக்கடி. திட்டமிட்டு, விரும்பி நடத்தும் வீட்டுக்கல்வியை இதை வைத்து அளக்கக் கூடாது என்ற மறுப்பு வரும். ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒன்றரை ஆண்டு காட்டியது வீட்டுக்கல்வியின் தரத்தை அல்ல, அதற்கான மூலப்பொருளின் அளவை. பக்கத்தில் உட்கார நேரமுள்ள, படித்த, பதற்றமில்லாத ஒரு பெரியவர்தான் அந்த மூலப்பொருள். அது இருந்த வீட்டில் பிள்ளை தப்பித்தது. பெரும்பாலான வீட்டில் அது இல்லை. இருந்த இடத்திலும் அது பெரும்பாலும் அம்மா.

அம்மாவின் நாளில் எத்தனை மணி நேரம் மிச்சம் இருக்கிறது என்பதற்கும் கணக்கு உண்டு. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறாள். ஆண் 88 நிமிடம். பிள்ளைகளையும் பெரியவர்களையும் கவனிப்பது தனிக் கணக்கு: அவள் 137 நிமிடம், அவன் 75. இரண்டையும் செய்கிற பெண்ணுக்குக் கூட்டினால் ஏழு மணி நேரத்துக்கு மேல். இதன் தலையில் ஒரு பள்ளிக்கூடத்தை ஏற்றுங்கள். பாடம் தயாரிப்பது, சொல்லிக்கொடுப்பது, விளையாட்டுத் துணைக்கு மற்ற பிள்ளைகளைத் தேடிக் கூட்டிப்போவது, பள்ளி தந்திருக்கக்கூடிய மதிய உணவைச் சமைப்பது. காலைச் சிற்றுண்டி, சத்துணவு, பாடநூல், சீருடை, பஸ் பாஸ் என்று அரசுப் பள்ளி ஒரு தாயின் தோளிலிருந்து இறக்கி வைத்த சுமைகளைப் பட்டியல் போட்டால்தான், வீட்டுக்கல்வி அவற்றை எடுத்து மறுபடி எங்கே வைக்கிறது என்பது விளங்கும். கைத்தறியிலும் இதே கண்மறைவு உண்டு. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள். நெசவாளர்களில் ஏறத்தாழ 72 சதவீதம் பெண்கள். ஆனாலும் தறியைப் படம் பிடிக்கிறவர்கள் கேமராவை வைப்பது நாடா வீசும் ஆணின் முகத்துக்கு நேரே. மறுபக்கத்துக் கை ஓரத்தில் வெட்டுப்படும்.

அந்தப் பெண்கள் மனமுவந்துதானே செய்கிறார்கள், அவர்களுக்காகப் பேச நீ யார் என்ற கேள்வி கனமானது. வேலையை விட்டுப் பிள்ளையோடு இருப்பதைத் தன் வாழ்வின் சிறந்த ஆண்டுகளாகச் சொல்லும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களை ஏமாந்தவர்கள் என்று சொல்வது திமிர். ஆனால் விருப்பம் என்பது மாற்று வழி திறந்திருக்கும்போதுதான் விருப்பம். இருவரில் யார் வேலையை விடுவது என்ற பேச்சு அந்த வீட்டில் உண்மையாகவே நடந்ததா? சம்பளம் குறைந்தவர் விடட்டும் என்று முடிவானால், பெரும்பாலான வீட்டில் குறைந்த சம்பளம் யாருடையது என்பது பேச்சு தொடங்கும் முன்பே தெரியும். அந்த முடிவின் செலவு பத்து வருடம் கழித்து வருகிறது: வேலையில் இடைவெளி, வருங்கால வைப்பு நிதியில் இடைவெளி, சொந்தப் பெயரில் எதுவும் இல்லாத ஐம்பது வயது. திருமணம் நிலைக்கும்வரை அந்த இடைவெளி வெளியே தெரியாது. நெருக்கமான தாம்பத்தியமே வீட்டுக்கல்வியின் அஸ்திவாரம் என்று தம்பதிகள் சொல்வது இந்த அர்த்தத்தில் அவர்கள் நினைப்பதைவிட உண்மை. அஸ்திவாரம் விரிசல் கண்டால் முதலில் இடிவது யாருடைய சுவர் என்பதுதான் சொல்லாமல் விட்ட பாதி.

நீடித்த மணவாழ்வை நாம் எப்படிக் கொண்டாடுகிறோம் என்று பார்த்தாலும் இந்தக் கணக்கு புலப்படும். காஞ்சிப் பகுதியில் தம்பதி என்ற சொல்லுக்கே தெய்வப் பின்னணி உண்டு. ஏகாம்பரநாதர் கோயிலில் பங்குனி உத்திரத்தையொட்டி நடக்கும் திருக்கல்யாணத்துக்குக் கூட்டம் அலைமோதும். அறுபதாம் கல்யாணத்துக்கு நம்மவர்கள் திருக்கடையூர் போகிறார்கள். மார்க்கண்டேயனுக்காக எமனை இறைவன் உதைத்த தலம் அது. நெசவாளர்களில் ஒரு சாரார் தங்கள் மூதாதை என்று சொல்வதும் அதே மார்க்கண்டேயரைத்தான். நீண்ட ஆயுளுக்கும் பட்டுக்கும் இப்படி ஓர் உறவு. ஆனால் அந்தச் சடங்கின் கணக்கைக் கவனியுங்கள். அறுபது நிறைவது கணவனுக்கு. எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம். எல்லாமே அவன் வயதைக் கொண்டு எண்ணப்படுபவை. மனைவி ஐம்பத்து நாலில் இருந்தாலும் ஐம்பத்தெட்டில் இருந்தாலும் அவளுக்கு அன்று மறுபடி தாலி. திருமணம் எத்தனை ஆண்டு நிலைத்தது என்பதை இந்தச் சடங்கு எண்ணுவதே இல்லை. வெள்ளி விழா, பொன்விழா என்று மேற்கிலிருந்து வந்த வழக்கம்தான், ஆச்சரியமாக, இருவருக்கும் பொதுவான ஒரு தேதியிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. இதற்காகத் திருக்கடையூர்ப் பயணத்தை யாரும் ரத்து செய்ய வேண்டியதில்லை. அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது கொஞ்சம் யோசிக்கலாம், அவ்வளவுதான்.

மறுபக்கத்துக் கைக்கும் பங்கு உண்டு என்பதைச் சடங்கு சொல்லாவிட்டாலும் நீதிமன்றம் சொல்லத் தொடங்கியிருக்கிறது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு கொடுத்தார். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்தார். மனைவி இங்கே பிள்ளைகளையும் வீட்டையும் பார்த்துக்கொண்டார். அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து யாருக்கு என்பது வழக்கு. வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது. ஆகவே சொத்து வாங்கியதில் மனைவிக்கும் சம பங்களிப்பு உண்டு, சம உரிமையும் உண்டு என்றது தீர்ப்பு. இது எல்லா மனைவிக்கும் தானாகப் பொருந்தும் சட்டம் அல்ல. மண வாழ்வில் சேர்ந்த சொத்தை இருவருக்கும் பொதுவாக்கும் சட்டம் இந்தியாவில் பொதுவாகக் கிடையாது. அதற்கு முன்னால் 2021 ஜனவரியில், விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில், இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமானம் கற்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. செத்த பிறகும் வழக்கு நடந்த பிறகும் கிடைக்கிற மதிப்பீடுகள் இவை. வீட்டில் பள்ளி நடத்துகிற தம்பதி உயிரோடும் நட்போடும் இருக்கும்போதே இதைச் செய்துகொள்ளத் தடை ஏதும் இல்லை. மாதா மாதம் அவள் பெயரில் ஒரு தொகை, வீட்டுப் பத்திரத்தில் இரண்டு பெயர், வாரத்தில் இரண்டு நாள் அப்பாவே முழு ஆசிரியர். மூன்றாவதுதான் கடினம், அதனால்தான் அதை முதலில் பேச வேண்டும்.

காதலை இப்படிக் கணக்கில் எழுதினால் குடும்பம் கம்பெனி ஆகிவிடாதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. தறி வீட்டைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். அங்கே குடும்பம் ஏற்கெனவே ஒரு கம்பெனிதான். பாவு வாங்கியது, ஜரிகை எடை, கூலியில் பிடித்த முன்பணம் எல்லாம் நோட்டில் இருக்கிறது. அதனால் அங்கே அன்பு குறைந்துவிடவில்லை. எழுதாமல் விட்டது ஒன்றைத்தான்: மறுபக்கத்தில் உட்கார்ந்தவரின் கூலி. சேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போது இரண்டு பேரின் உழைப்பும் ஒரே தொகைக்குள் அடங்கிவிடுகிறது. தொகை போய்ச் சேருவது ஒரு பெயருக்கு. பிள்ளை அங்கே உட்கார்ந்திருந்த காலத்திலும் அப்படித்தான். பிள்ளையை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்ப நமக்கு அரை நூற்றாண்டு ஆயிற்று. அந்தக் காலி இடத்தை யார் நிரப்பினார்கள் என்று கேட்க இன்னும் நேரம் வரவில்லை போலும்.

2021 அக்டோபரில் மரக்காணத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியை இந்த இடத்தில் மறுபடி நினைக்கலாம். மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம், ஊருக்குள்ளேயே, சுமார் 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. தொகை சொற்பம் என்று குறைசொல்லலாம், சொற்பம்தான். ஆனால் திண்ணையில் பாயை விரித்துப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுப்பதும் வேலை என்று அரசு ஒரு தொகையை எழுதிக் கொடுத்தது. பள்ளியை மூடிவிட்டு அல்ல, பள்ளிக்குப் பிறகு. ஒரு தாய் தன் பிள்ளைக்கு மட்டும் அல்ல, தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும். வீட்டின் நெருக்கத்தையும் பள்ளியின் பொதுமையையும் ஓரளவு கோர்த்த ஏற்பாடு. தென்னேரி போன்ற ஊர்களுக்கு நகரத்து மாதிரி வீட்டுக்கல்வியைவிட இது பொருந்தும் என்று நினைக்கிறேன். ஷிப்ட் வீட்டுப் பிள்ளையும் தறி வீட்டுப் பிள்ளையும் அதே பாயில் உட்காரலாம்.

தனி வழியே வேண்டும் என்கிற தம்பதிக்கு இன்னொரு விஷயம். வீட்டில் ஆரம்பித்து ஒத்துவராமல் போனால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்ற பயத்தில் பலர் தயங்குகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி, இதுவரை பள்ளியில் சேராத பிள்ளை எட்டு வயதில் வந்து நின்றாலும் பத்து வயதில் வந்து நின்றாலும், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொண்டு, விட்டுப்போனதற்குத் தனிப் பயிற்சியும் தர வேண்டும். ஜூன் மாதம் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள பள்ளிக்குப் போனால் போதும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற அம்மா, ஐந்து வருடம் முன்பு ராஜினாமா கடிதம் கொடுத்த தன் பழைய அலுவலகத்துக்கும் அதே ஜூனில் போய் நின்றால், அவளை வயதுக்கேற்ற இடத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் பிரிவு எந்தச் சட்டத்திலும் இல்லை.